கழற்றி வைத்த ஹார்ட் டிஸ்க்

நாற்பது நாளாக யாரும் தொடாத கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றியபோது, உள்ளேயிருந்து இளஞ்சூடு ரம்லத்தின் முகத்தில் அடித்தது.

வெயிலாக இருக்கும் என்று நினைத்தாள். ஆனால் அன்று வெயிலே இல்லை. எங்கோ காடு எரிந்து, பிரிக்ஃபீல்ட்ஸ் வட்டாரம் முழுவதும் புகைமூட்டம். மதியம் மூன்று மணிக்கே எதிர் ஃபிளாட்டில் விளக்கு எரிந்தது, கீழே ரயில் போகும் சத்தம் கேட்டது, ரயிலைக் காணோம், சன்னலை அடைத்தும் கருகிய புல் வாசனை அறைக்குள் வந்துகொண்டே இருந்தது.

சுவிட்சைப் போட்டாள். மூன்று பீப். கறுப்புத் திரை. மறுபடி போட்டாள். அதேதான்.

அவள் கணவர் அய்யூப், கோத்தா பாருவில் படிக்கும் மகள் மரியமுக்கு இதில்தான் கடிதம் அடித்திருந்தார். நாளைக்கு அனுப்புகிறேன் என்று போனில் சொல்லிவிட்டுப் படுத்தவர் எழவில்லை. மரியம் தினமும் கேட்கிறாள்: "வாப்பா என்ன எழுதுனாங்க, உம்மா?"

செராஸில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் மாணிக்கம், அய்யூப்பின் நண்பர், போனில் இருந்தார்.

"கடைக்குக் கொண்டாங்க தங்கச்சி, ஒரே நாள்ல ஓட வச்சிடுறேன். ஆனா உள்ள இருக்கறதெல்லாம் அழிஞ்சிடும்."

"அழிக்கிறதுக்கா உங்களக் கூப்பிட்டேன், அண்ணே?"

"கோவிச்சுக்காதீங்க லா. ரேம்னு நீட்டமா ஒரு அட்டை நிக்கும். அதப் பிடுங்கி, அடி ஓரத்துல இருக்கற மஞ்சப் பல்ல ரப்பரால தேய்ங்க. கடையிலயும் இதான் செய்றோம், மூஞ்ச மட்டும் டாக்டர் மாதிரி வச்சுக்குவோம்."

தேய்த்தாள். மாட்டினாள். மூன்று பீப். மறுபடி தேய்த்தாள். மூன்று பீப். பெட்டியை ஓங்கி அறைந்தாள்.

"அவர் தொட்டா ஓடும். நான் தொட்டா மட்டும் என்ன கேடு இதுக்கு?"

"சரி, ஹார்ட் டிஸ்க்கக் கழட்டிருங்க. லெட்டர் அதுலதான் இருக்கு, பத்திரம். ரேம் கரண்டு போனா எல்லாத்தயும் மறந்துரும். வெறும் போர்டு எழும்புதான்னு பாப்போம்."

நான்கு ஆணிகளையும் கழற்றி, கனமான அந்தத் தகட்டைத் துண்டில் வைத்தாள். சுவிட்சைப் போட்டாள்.

ஒரே பீப். திரை வெளுத்தது. அய்யூப் எழுதும் விதத்திலேயே, ஆங்கில எழுத்துகளில் தமிழ்: அன்புள்ள மரியம்.

"அண்ணே, வந்துருச்சு! லெட்டர் வந்துருச்சு!"

"டிஸ்க்க மாட்டிட்டீங்களா?"

"இல்ல. துண்டுலதான் இருக்கு."

"அப்ப எதுலேர்ந்து வருது? தங்கச்சி, சுவிட்ச அடைங்க."

அடைக்கவில்லை. இனி இதை இழக்க முடியாது. தொங்கிய கேபிள் ஃபேனில் உரசியது. அதை ஒதுக்க, டிஸ்க் இருந்த காலியிடத்துக்குள் இடது கையை விட்டாள். திரையில் அடுத்த வரி தானாக ஓடியது.

உம்மா பக்கத்தில்தான் இருக்கிறாள். கையை உள்ளே விட்டிருக்கிறாள்.

இழுத்தாள். கை வரவில்லை. அவள் விரல்களுக்கு இடையில் விரல்கள். இளஞ்சூடான விரல்கள்.

வலது கையால் சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினாள். ஃபேன் நின்றது. திரை அணையவில்லை. தோளிலிருந்து நழுவித் தரையில் கிடந்த ரிசீவரில் மாணிக்கம் கத்திக்கொண்டிருந்தார்.

மேசை ஓரத்தில் பிரிண்டர் சிலிர்த்துக்கொண்டு ஓட ஆரம்பித்தது. மடிப்பு மடிப்பாகத் தாள் தரையில் இறங்கியது. எல்லா மடிப்பிலும் ஒரே வரி.

மரியம், நீயும் வா.