மேலப்பள்ளத்து எறிகலம்

காலை டிபன் முடிந்த கையோடு மேலப்பள்ளத்து மக்களை எறிந்துவிடுவார்கள்.

நிலாவில் குடியிருப்பவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அலுவலகங்கள் எல்லாம் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி வெண்பட்டினத்தில் இருந்தன. கட்டுப்படியாகிற வாடகைக்கு வீடு கிடைத்ததோ மேலப்பள்ளத்தில். நடுவில் பாறையும் பள்ளமுமாகக் கிடந்த நிலத்தில் தண்டவாளம் போட வழியில்லை. ஆனால் தடுக்கக் காற்று இல்லை, நிலாவின் இழுவிசையும் குறைவு. ஆகவே ஆட்களைத் தூக்கி எறிவதுதான் சிக்கனம் என்று கண்டுகொண்டார்கள். நாற்பது பேர் உட்கார்ந்த எறிகலத்தை எறிகுழாயின் காந்தங்கள் உந்தித் தள்ளும். அது வில்போல் வளைந்து பறந்து, பத்து நிமிடத்தில் வெண்பட்டினத்துப் பிடிவலைக்குள் போய் விழும். பிடிவலையின் காந்தங்கள் அதை அணைத்து நிறுத்தும்.

எறியும்போது நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்தது போலிருக்கும். பிறகு உடம்புக்கு எடையே இருக்காது. அந்த நேரத்தில்தான் பெண்கள் தலை வாரிக்கொள்வார்கள், ஆண்கள் அரசியல் பேசுவார்கள். ஜன்னலோர இருக்கைக்குத் தினமும் சண்டை நடக்கும்.

அங்கயற்கண்ணிக்கு அன்று ஜன்னலோரம் கிடைத்திருந்தது. மேலப்பள்ளத்து மூச்சு நிலையத்தின் இயக்குநர் அவள். குவிமாடத்துக்குள் அடைந்திருந்த ஊருக்கே காற்று தயாரித்து அனுப்பும் அந்த நிலையம் அவள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. அவள் தினமும் வெண்பட்டினத்துத் தலைமை அலுவலகத்துக்குப் போய், திரை முன்னால் அமர்ந்து, நிலையத்துக்குள் இருந்த தொலைக்கை என்ற இயந்திரக் கையை அங்கிருந்தே ஆட்டுவாள். நிலையத்தின் கதவு இயக்குநர்கள் மூவரின் உள்ளங்கைக்கு மட்டுமே திறக்கும். அந்த மூவரும் அன்று காலை வெண்பட்டினத்துக்குத்தான் எறியப்பட்டிருந்தார்கள்.

கலம் உச்சியைத் தொட்டபோது அவள் காதுக்குள் பதித்திருந்த செவிச்சில்லில் கணவன் செவ்வேளின் குரல் கேட்டது. அவனுக்கு இரவு வேலை. அப்போதுதான் வீடு திரும்பியிருந்தான்.

“கயலு, காது அடைக்குது. ஊர்ச் சங்கு விடாம ஊதுது. பெரிய காத்துக் குழாய் வெடிச்சிருச்சுன்னு சொல்றாங்க.”

“சேமிப்புக் காத்து தானா திறந்திருக்கணுமே?”

“திறக்கல.”

“பூவிழி எங்கங்க?”

“பள்ளிக்கூடத்துல. புள்ளைங்க எல்லாரையும் அடைப்பறைக்குள்ள விட்டுக் கதவைச் சாத்திட்டாங்க. உள்ள ஒரு மணி நேரத்துக்குத்தான் காத்து இருக்காம்.”

அதற்குள் கலத்திலிருந்த எல்லோருடைய செவிச்சில்லுகளும் ஒலிக்கத் தொடங்கியிருந்தன. “கலத்தைத் திருப்புய்யா!” என்று பின்வரிசையில் ஒருவர் கத்தினார்.

“எறிஞ்ச கல்லை எங்க சார் திருப்புறது?” என்றார் கலக்காவலர் பிலவேந்திரன். அவர் முகமும் வெளுத்திருந்தது. அவருடைய அம்மாவும் மேலப்பள்ளத்தில்தான் இருந்தாள்.

பிடிவலை அணைத்ததும் முதல் ஆளாகப் பாய்ந்தாள் அங்கயற்கண்ணி. நிலாவில் ஓடுவது என்றால் தாவுவதுதான். மூன்று தாவலில் நடைமேடையைக் கடந்தாள், கூட்டத்தின் தலைக்கு மேலாகவே அலுவலகத்துக்குள் போய் விழுந்தாள். திரையில் தொலைக்கை தெரிந்தது. அதற்கு எதிரே சேமிப்புக் காற்றைத் திறக்கும் சிவப்புச் சக்கரம். கையை நீட்டச் செய்தாள். அது பாதி தூரம் போய் நின்றது, விரல்கள் ஒருமுறை உதறின, திரை இருண்டது. வெடித்த குழாய் தொலைக்கையின் கம்பிகளையும் அறுத்திருந்தது.

இனி நிஜக் கை வேண்டும். அதற்கு அந்தக் கதவு திறக்க வேண்டும்.

மறுபடியும் ஓடினாள். திரும்பும் கலம் ஆளில்லாமல் நின்றது. வாயிற்பொறி அவளை மறித்து, “மாலைச் சீட்டு காலையில் செல்லாது. தயவுசெய்து அலுவல் முடிந்து வரவும்,” என்று இனிமையாகச் சொன்னது. அவள் இன்னொரு முறை உள்ளங்கையை வைத்தாள். அதே இனிமை, அதே வார்த்தை.

“அதுகிட்ட என்னம்மா பேச்சு! இப்படி வாங்க!” பிலவேந்திரன் சரக்கு ஏற்றும் கதவைக் காலால் உதைத்துத் திறந்தார். காய்கறிப் பெட்டிகளுக்கு நடுவில் அவளைப் பிடித்து அமுக்கிப் பட்டையை மாட்டிவிட்டு, தானும் பக்கத்தில் கட்டிக்கொண்டார். “எறிங்கடா!” என்று செவிச்சில்லில் கத்தினார்.

எறிந்தார்கள்.

வழக்கமாக அவள் மிகவும் விரும்பும் பத்து நிமிடம் அது. அன்று அது நகரவே இல்லை. முகத்துக்கு முன்னால் ஒரு தக்காளி மிதந்து போனது. செவ்வேள் மூச்சு வாங்கியபடி பேசிக்கொண்டே இருந்தான். “முகமூடி போட்டிருக்கேன்... நிலையத்து வாசல்ல நிக்கிறேன்... கடப்பாரையால நெம்பிப் பாத்துட்டேன், கதவு அசையல... நீ வந்துருவ இல்ல?”

“வந்துட்டே இருக்கேங்க. பேச்சை நிறுத்துங்க, காத்தை மிச்சம் புடிங்க.”

மேலப்பள்ளத்தில் இறங்கியபோது தெருவெல்லாம் வெள்ளைப் பனிமூட்டம். அழுத்தம் குறைந்ததால் காற்றின் ஈரம் அப்படியே உறைந்துகொண்டிருந்தது. கலத்திலிருந்த அவசர முகமூடியை மாட்டிக்கொண்டு வீட்டுக் கூரைகளின் மேலேயே தாவினாள். பிலவேந்திரன் பின்னால் வந்தார். நிலையத்துக் கதவில் உள்ளங்கையை அறைந்தாள். திறந்தது.

சக்கரத்தைப் பிடித்துத் திருகினாள். அசையவில்லை. அத்தனை ஆண்டுகளில் அதை அவள் தொட்டதே அன்றுதான். செவ்வேள் கடப்பாரையைச் சக்கரத்தின் கம்பிக்குள் நுழைத்தான். பிலவேந்திரன் சுவரில் காலை ஊன்றிக்கொண்டார். மூவரும் சேர்ந்து இழுத்தார்கள்.

“இன்னும்! இன்னும்! விட்றாதீங்க!”

சக்கரம் கிறீச்சிட்டு நகர்ந்தது. தரைக்கடியில் ஏதோ உறுமியது. பிறகு மேலப்பள்ளம் முழுவதும் ‘புஸ்ஸ்’ என்று காற்று இரைந்துகொண்டு பாய்ந்தது. காதுகள் படீரென்று திறந்தன. அடைப்பறையிலிருந்து வெளியே வந்த பிள்ளைகள் கூச்சலிட்ட கூச்சல் அவர்களுக்கும் கேட்டது. அங்கயற்கண்ணி சக்கரத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தாள், அழவும் செய்தாள்.

அந்த வாரமே பெரிய கூட்டம் போட்டார்கள். வெண்பட்டினத்திலிருந்து போக்குவரத்துத் தலைவரே எறியப்பட்டு வந்து சேர்ந்தார். அவளுக்கு மாலை போட்டு, “இப்படி இன்னொரு தரம் நடக்கக் கூடாது. அதுக்கு என்ன வேணுமோ கேளுங்க, செஞ்சு தர்றேன்,” என்றார்.

அங்கயற்கண்ணி எழுந்தாள். “சார், நான் இங்கயே நிலையத்துல ஒரு நாற்காலி போட்டு உக்காந்துட்டா...”

தலைவர் பிரியமாகச் சிரித்தார். “வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி உக்காந்திருந்தா அதை யாரும்மா ஆபீஸ்னு சொல்லுவா?”

கூட்டமே சிரித்தது. எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது செவ்வேள்தான். யோசித்துப் பார்த்தபோது அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் நாற்காலி மேல் ஏறி நின்றார். “விஷயத்துக்கு வாங்க! அந்தம்மா வந்து சேரப் பத்து நிமிஷம் ஆயிருச்சு. அதைக் குறைக்கணும். இன்னொரு எறிகுழாய் வேணும்!”

“இன்னொரு எறிகுழாய்! இன்னொரு எறிகுழாய்!” மண்டபம் அதிர்ந்தது. தலைவர் அங்கேயே அனுமதி கொடுத்தார்.

புதிய எறிகுழாய் பழையதைவிட நீளம், வேகமும் அதிகம். எட்டே நிமிடம். திறப்பு விழாவை மூச்சு நிலையத்துக்கு எதிரே மேடை கட்டி நடத்தினார்கள். மேளம், சரவெடி, ஊர் முழுக்க லட்டு. முதல் பயணத்தின் முதல் இருக்கை, அதுவும் ஜன்னலோரம், அங்கயற்கண்ணிக்கு. பூவிழி கையசைத்தாள். நாற்பது பேரும் ‘ஓ’வென்று கத்த, கலம் பாய்ந்தது.

சற்று நேரத்தில் செவ்வேள் கூப்பிட்டான். “கயலு, புதுசு எப்படி? நான் இங்க உன் நிலையத்துப் படியிலதான் உக்காந்திருக்கேன். லட்டு நல்லா இருக்கு.”

“சர்ருனு வந்துருச்சுங்க! கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள! ரெண்டு நிமிஷம் மிச்சம்!”

“உள்ள போயிட்டியா?”

“இன்னும் கதவே திறக்கல. சீக்கிரமா வந்துட்டோம்ல!”

அவள் வரிசையில் தன் இடத்தை விடாமல் கொஞ்சம் முன்னால் நகர்ந்தாள். மூடிக் கிடந்த அலுவலகத்தின் வாசலில் நாற்பது பேரும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு, வந்த வேகத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.