பாதி மாத்திரை

சொட்டுச் சத்தம் வரக்கூடாது. பாதி மாத்திரை போட்ட நாளில் அது வரவே கூடாது.

மேலகரம் வீட்டு ஹாலில் பிரம்பு நாற்காலியில் சாய்ந்திருந்த சிவசைலம் காதைத் தீட்டிக்கொண்டார். வெளியே குற்றாலத்து மலையிலிருந்து இறங்கிய சாரல் தென்னை ஓலைகளில் விடாமல் இரைந்துகொண்டிருந்தது. ஜன்னல் கம்பியில் துருவாடை, கொடியில் காயாத துணிகளின் முடைநாற்றம், மாடியில் சீசனுக்கு வாடகைக்குத் தங்கிப் போகிறவர்கள் விட்டுச்சென்ற எண்ணெய்ப் பிசுக்கு. இதெல்லாம் ஆடிக்கு ஆடி உள்ளதுதான். ஆனால் இந்தச் சொட்டு வீட்டுக்குள்ளேயிருந்து, மாடிப்படிக்கு அடியிலிருந்து வந்தது.

பார்க்கின்சன் என்கிற சண்டாளன் உடம்பில் குடியேறியதும் டாக்டர் மாத்திரை தந்தார். போதவில்லை என்று டோஸைக் கூட்டினார். கை நடுக்கம் அடங்கியது, கால் லேசாக எழுந்தது. கூடவே ஈரக்காரியும் வந்தாள். மாடிப்படி அடியில், தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் ஒருத்தி. "மருந்து கூடிட்டா இல்லாத ஆளெல்லாம் தெரியும், பயப்படாதீங்க" என்று டாக்டர் டோஸைக் குறைத்தார்.

அன்றிலிருந்து மனைவி வடிவாம்பாள் பாக்குவெட்டியால் மாத்திரையை நறுக்கிப் பாதிதான் தந்தாள். பாதி போட்டால் ஈரக்காரி இல்லை, ஆனால் உடம்பு மரக்கட்டை. முழுசு போட்டால் நடக்கலாம், ஈரக்காரியும் இருப்பாள். என்ன பிழைப்பு இது! கட்டையாகவே கிடந்து தொலைக்கிறேன் என்று அவர் பாதிக்கு ஒத்துக்கொண்டார்.

இன்றும் பாதிதான். அவர் கண்முன்னேதான் நறுக்கினாள். மீதிப் பாதியை ஸ்டூலில் கிண்ணத்தில் வைத்துவிட்டு, "கோயிலுக்குப் போயிட்டு விளக்கு வைக்கதுக்குள்ள வந்திருதேன்" என்று குடையோடு கிளம்பினாள்.

கால் தரையோடு ஒட்டிவிட்டது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிவிட்டது. கண் மட்டும் ஓடியது. ஓடி, மாடிப்படி அடியில் நின்றது.

ஈரக்காரி இருந்தாள்.

அப்படியானால் இது மருந்தின் வேலை இல்லை. டாக்டர் சொன்ன கணக்கு பொய். ஐயோ, குற்றாலநாதா!

முதல்முறையாக அவள் சுவரை விட்டுத் திரும்பினாள்.

கேட் கிறீச்சிட்டது. வாசலில் குடையை உதறும் சத்தம். வடிவாம்பாள் உள்ளே வந்து லைட்டைப் போட்டாள். மாடிப்படி அடியைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"யாரும்மா, மாடிக்கு வந்தவியளா? இப்படியா நனைஞ்சுட்டு வாறது!"

வடிவாம்பாள் கண்ணுக்கும் அவள் தெரிகிறாள். சீசன் வீட்டுக்காரிக்கு ஈரத்தோடு வருகிற எவளும் வாடகைக்கு வந்தவள்தானே.

"அவரு உடம்பு முடியாதவரும்மா, பேசமாட்டாரு. வாங்க, சாவி எங்கிட்டத்தான் இருக்கு. மேல போயி முதல்ல தலையத் துவட்டுங்க."

போகாதட்டி.

சொல் தொண்டையிலேயே செத்தது. மீதிப் பாதி மாத்திரை கையெட்டும் தூரத்தில் கிடந்தது. அது உள்ளே போனால் எழுந்துவிடலாம், கத்திவிடலாம். விரல் நடுங்கியது. நடுங்கிக்கொண்டே இருந்தது. நகரவில்லை.

முன்னால் வடிவாம்பாள் ஏறினாள். பின்னால் ஈரப் பாதம். படி படியாக.

மேலே கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

ஒரு கூப்பாடு இல்லை. வெறும் சாரல்.

பிறகு ஒருத்தி மட்டும் இறங்கி வந்தாள். வடிவாம்பாளின் அரக்குச் சேலைதான். கையில் அந்தச் சாவிதான். தலைமுடி நன்றாகக் காய்ந்திருந்தது. முகம் வேறு.

எதிரே உட்கார்ந்தாள். பாக்குவெட்டியை ஓரமாக ஒதுக்கினாள். அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்தாள்.

"வாயத் தொறங்க. இனிமே முழுசுதான்."

சில்லிட்ட விரல் அவர் உதட்டைப் பிரித்தது.

மாடியில், சரியாக அவர் தலைக்கு மேலே, சொட்டு விழ ஆரம்பித்தது.