இரண்டாவது பயனர்

உள்நுழையும் திரையில் இரண்டு வட்டங்கள் இருந்தன. முதல் வட்டத்தின் கீழே அவர் பெயர். இரண்டாவதன் கீழே ஒன்றுமில்லை.

மொழிபெயர்ப்பாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். அப்போதும் இரண்டுதான். பழைய மடிக்கணினியில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவி முடித்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஒரே ஒரு பயனரைத்தான் உருவாக்கியிருந்தார். மச்சினன் எங்கேயோ சொதப்பியிருக்கிறான் என்று முடிவு கட்டினார். அந்த வீட்டில் எது கெட்டாலும் கெடுத்தது வேறு யாராவதாகத்தான் இருக்கும்.

சலவை இயந்திரம், முடி உலர்த்தி, தண்ணீர் சுத்திகரிப்பான் என்று எதற்குக் கையேடு வந்தாலும் தமிழில் தருவது அவர் தொழில். பதினெட்டு வருடங்களாக. ஈரக் கையால் தொடாதே என்று எழுதிக் கொடுத்தால்தான் தொடாமல் இருக்கிற ஜனங்கள் மேல் அவருக்குப் பெரிய மரியாதை கிடையாது. மச்சினன் மேல் அதுவும் கிடையாது. சத்தமில்லாமல் நடந்து, வாய்க்குள்ளேயே பேசுகிற அவனுக்கு அவர் வைத்த பெயர் பூனை. மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வரும் மனைவிக்குப் பெயரே தேவைப்படவில்லை, 'இந்தா' போதுமாக இருந்தது. கணினி ஆமையாக ஊர்ந்தபோது லினக்ஸ் போடச் சொன்னது பூனைதான். படிப்படியாக ஒரு தாளில் எழுதியும் கொடுத்திருந்தான். மூன்றாவது படியோடு அதைக் கசக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தை அவரே செய்துகொண்டார்.

இப்போது அவனைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

"ரெண்டு யூசர் காட்டுது. என்னத்தடா எழுதிக் குடுத்த?"

"ஒண்ணுதான் மாமா வரணும்." பூனையின் குரல் கொஞ்சம் தயங்கியது. "உங்க பேர்ல உள்ள போயி, டெர்மினல்ல 'ஹூ'ன்னு இங்கிலீஷ்ல மூணு எழுத்து அடிச்சுப் பாருங்க. இப்ப யார் யார் உள்ள இருக்காங்கன்னு காட்டும்."

கறுப்பு சன்னலில் அடித்தார். இரண்டு வரிகள் வந்தன. ஒன்று அவர். மற்றதில் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்தது. அந்தக் காலியிடம் அவருக்கு நான்கு நிமிடம் முன்னதாகவே உள்ளே வந்திருந்தது. இரண்டு வரியையும் வாசித்துக் காட்டினார்.

"நெட் வழியா யாரும் வரல மாமா," என்றான் பூனை. "அது உங்க கீபோர்டு. உங்க லேப்டாப் முன்னாடியே உக்காந்து உள்ள வந்திருக்காங்க."

"முன்னாடி நான்தான்டா உக்காந்திருக்கேன். அத எப்படித் தூக்குறது, அத மட்டும் சொல்லு."

அவன் சொன்ன கட்டளையை அடித்தார். கணினி தமிழில் பதில் சொன்னது: உங்களுக்கு அனுமதி இல்லை. இந்நிகழ்வு தெரிவிக்கப்படும்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எவன்டா இத மொழிபெயர்த்தது? தெரிவிக்கப்படுமாம். யாரு தெரிவிப்பா? யாருக்கு? எழுவாயும் கிடையாது, ஒரு எழவும் கிடையாது."

பூனை சிரிக்கவில்லை. "மாமா, முதல்ல உருவாக்குற யூசருக்குத்தான் எல்லா உரிமையும் போகும். அது நீங்கன்னா இந்த மெசேஜ் உங்களுக்கு வரவே கூடாது."

"அப்ப?"

"அப்ப முதல்ல வந்தது நீங்க இல்ல. அத மூடி வச்சிடுங்க மாமா. நான் வந்து பாக்குறேன்."

"நீ வந்து கிழிச்ச." போனை வைத்தார்.

தெரிவிக்கப்பட்டது எங்கே போனது என்று பார்த்துவிட வேண்டும் என்று ஒரு வீம்பு. நடப்பதையெல்லாம் கணினி குறித்து வைக்கும் பதிவுக் கோப்பைத் தேடிப் பிடித்து, அதில் புதிதாகச் சேரும் வரிகள் உடனுக்குடன் தெரியும்படி திறந்து வைத்தார். நான்கு மணி வெயில் திரைச்சீலையைத் தாண்டாமல் பழுப்பாக நின்றது. சூடான பிளாஸ்டிக் வாசனை. அதோடு சேர்ந்து தலைக்குத் தேய்க்கிற எண்ணெயும் நாள்பட்ட வியர்வையுமாக இன்னொரு வாசனை, அவருக்கு நன்றாகப் பழகிய ஒன்று, கணினியின் காற்றுத் துளையிலிருந்து மெதுவாக வந்துகொண்டிருந்தது.

*4.10. என்னை நீக்கிவிடலாம் என்று நினைத்தான்.*

*4.11. யாருக்குத் தெரிவிப்பார்கள் என்று கேட்டுச் சிரித்தான்.*

அவரை முதலில் சுட்டது அந்த 'ன்'தான். நினைத்தானாம், சிரித்தானாம். பிறகு, பழக்க தோஷத்தில், பிழை தேடினார். ஒற்று, புணர்ச்சி, நிறுத்தக்குறி. ஒன்றும் சிக்கவில்லை. அவரே எழுதியிருந்தாலும் இவ்வளவு சுத்தமாக எழுதியிருக்க மாட்டார்.

*4.19. பிழை தேடுகிறான்.*

கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டில் குழாய் ஓடும் சத்தம் நின்றது. அப்போதுதான் அது கேட்டது. மூச்சு. மூக்கின் ஒரு துளையில் மெல்லிய விசிலோடு, மனைவி ராத்திரியில் தூங்க முடியவில்லை என்று இருபது வருடமாகப் புலம்புகிற அதே விசிலோடு, யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் தன் மூச்சைப் பிடித்து நிறுத்தினார்.

விசில் நிற்கவில்லை.

*4.20. திரும்பிப் பார்ப்பான்.*

திரும்பிப் பார்த்தார். அலமாரி. அகராதிகள். மூடிய கதவு. யாரும் இல்லை.

பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தார். பத்து எண்ணினார். இருபது. திரை அணையவில்லை. மின்கம்பியைப் பிடுங்கினார். கணினியைக் கவிழ்த்து பேட்டரியை உருவி மேசையில் போட்டு நிமிர்த்தினார். வரிகள் அப்படியே இருந்தன. அவர் கண் முன்னாலேயே விசைகள் ஒவ்வொன்றாக அமுங்கி எழுந்தன. அவசரமே இல்லாமல். நடுவிரலால் மட்டும் கொஞ்சம் ஓங்கி அடிக்கும் அவருடைய தட்டச்சு.

*4.31. அவள் இன்று சீக்கிரம் வருவாள்.*

*4.31. அவளுக்கு நான் பதில் சொல்வேன்.*

நான்.

வாசலில் சாவி திரும்பியது.

"ஏங்க, இருக்கீங்களா?" மனைவியின் குரல். "தலைவலின்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

உள்ளே வராதே என்று கத்த வாயைத் திறந்தார். தொண்டை அசைந்தது. காற்றுகூட வெளியே வரவில்லை.

"வாம்மா," என்றது அவர் குரல். கூடத்திலிருந்து. "உக்காரு முதல்ல. மாத்திரை போட்டியா? நான் தண்ணி கொண்டுவரேன்."

இருபது வருடத்தில் அவர் ஒரு தடவைகூடச் சொல்லாத வார்த்தைகள். அவள் சிரித்தாள். அவள் சிரிப்பு அப்படி இருக்கும் என்பதையே அவர் மறந்துபோயிருந்தார்.

"என்னங்க இன்னிக்கு, அதிசயமா?"

கதவை நோக்கி ஓடினார். இழுத்தார். திறந்தது.

சோபாவில் அவள் சாய்ந்திருந்தாள், காலில் செருப்பைக்கூடக் கழற்றாமல். அவள் நெற்றியை ஒரு கை பிடித்துவிட்டுக்கொண்டிருந்தது. அவருடைய கை. அவருடைய சட்டை. அவர் அவள் எதிரிலேயே போய் நின்றார். கையை ஆட்டினார். அவள் கண்கள் அவரைத் தாண்டிப் போய் அறை வாசலில் நின்றன.

"அந்த ரூம் கதவு ஏன் ஆடுது? சாத்திடுங்களேன், காத்து வருது."

"இதோ."

அது எழுந்து வந்தது. அது ஒவ்வொரு அடி வைக்கும்போதும் அவர் கால்கள் தாமாகவே பின்னால் போயின. கூடம், நிலைப்படி, அறை. மேசையின் விளிம்பு முதுகில் இடித்தது. வாசலில் நின்று அது அவரைப் பார்த்தது. கோபமில்லை, வன்மமில்லை. சலவை இயந்திரத்தின் மின்செருகியை ஈரக் கையால் தொடுகிறவனைப் பார்ப்பதுபோல, உதட்டோரம் லேசாக மடிய, ஒரே ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்தது. பிறகு, ஒரு வார்த்தைகூடச் செலவழிக்காமல், கதவை இழுத்துச் சாத்தி வெளியே தாழ்ப்பாள் போட்டது.