அடித்தவர்தான் கத்த வேண்டும்

பிரிக்காத பெட்டியிலிருந்து எடுத்த பந்து ஈரமாக இருந்தது.

பல் டாக்டர் அதைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பெட்டியின் மேல்தாளை இப்போதுதான் அவரே நகத்தால் கிழித்தார். உள்ளே இருந்த இரண்டும் காய்ந்து, வெள்ளை வெளேரென்று பளபளத்தன. கையில் இருந்தது மட்டும் சில்லென்று, அழுகிய கோரையும் சேறும் கலந்த ஏரி வாடையோடு வழுக்கியது.

"என்ன சம்பந்தி, பந்துக்கும் பல்லு பார்க்கறீங்களா? அடிங்க, வெளிச்சம் போகுது" என்றார் இரும்புக்கடைக்காரர். மகளின் மாமனார். கோல்ஃப் மட்டையைப் பிடிக்க அவருக்குக் கற்றுக்கொடுத்ததே டாக்டர்தான்.

ஏழாவது குழிக்கு அடிக்கும் மேடை அது. வலப்பக்கம் ஏரி, அதன் ஓரம் முழுக்க ஆளுயரக் கோரை. இடப்பக்கம் மேட்டில் கிளப் வராந்தா. அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு இங்கே விழும் ஒவ்வொரு அடியும் நாடகம் பார்ப்பதுபோலத் தெரியும். இப்போது அவர் மனைவியும் மகளும் சம்பந்தியம்மாவும் அங்கேதான் இருந்தார்கள்.

போன வருஷமும் இதே வராந்தாதான். கல்யாணப் பேச்சு பாதியில் நின்ற சமயம். சம்பந்தி வீட்டாரை அழைத்துவந்து உட்காரவைத்து, "இருபது வருஷமா ஆடறேன், கண்ணை மூடிக்கிட்டே அடிப்பேன்" என்று பீற்றிக்கொண்டு, தனியாக இங்கே இறங்கிவந்து அடித்தார். பந்து வலப்பக்கம் வளைந்து கோரையைப் பார்த்துப் பாய்ந்தது. பந்து திசை தப்பிப் போனால், அடித்தவர் 'ஃபோர்' என்று தொண்டை கிழியக் கத்த வேண்டும். காதில் விழுந்தவர்கள் அத்தனை பேரும் தலையைக் கைகளால் மூடிக்கொண்டு குனிந்துவிடுவார்கள். ஆட்டம் பழகும் முதல் நாளே சொல்லித்தருகிற பாடம். டாக்டர் வாயைத் திறந்தார். வராந்தாவில் சம்பந்தியம்மா, வெயிலில் ஒன்றும் தெரியாமல், நல்ல அடி என்று கைதட்டத் தொடங்கியிருந்தார்.

டாக்டர் வாயை மூடிக்கொண்டார்.

தண்ணீரில் விழுந்தால் 'பொளக்' என்று கேட்கும். அன்று கேட்டது 'டொக்'.

முப்பது வருஷமாகப் பல் பிடுங்குகிறவருக்கு எலும்பின் சத்தம் தெரியாதா? தெரிந்தது. பையிலிருந்து வேறு பந்தை எடுத்துவைத்து நேராக அடித்தார். அதற்கும் கைதட்டினார்கள்.

மறுநாள் கோரைக்குள்ளிருந்து 'நீர்க்கோழி'யைப் பிணமாகத் தூக்கினார்கள். ஏரியில் விழும் பந்துகளை இடுப்பளவு நீரில் நின்று, நீளக் கம்பு கட்டிய வலையால் அரித்தெடுக்கிற மனிதர்; முங்கி எழும் லாவகத்தைப் பார்த்து வைத்த பெயர். மயக்கம் வந்து விழுந்திருப்பார் என்றது கிளப். டாக்டரும் தலையாட்டினார்.

அந்த மனிதரின் மனைவிக்கு வராந்தாவில் வேலை போட்டுக் கொடுத்திருந்தார்கள். சற்று முன் அவள் கைத்துண்டை நீட்டியபடியே கேட்டாள்.

"ஐயா, அன்னிக்கு ஏழாவதுல கடைசியா ஆடினது நீங்கதானாமே? அவர் ஏதும் கூப்பிட்டாரா?"

"இல்லம்மா. ஒண்ணும் கேட்கல."

"அதான் மனசு ஆறமாட்டேங்குது. அவருக்குப் பாம்புக் காதுங்க. யாராவது ஒரு குரல் குடுத்தா போதும், சட்டுனு முங்கிடுவாரு." துண்டை மடித்துக் கையில் வைத்தாள். "போங்கய்யா, நல்லா ஆடுங்க."

செருப்பால் அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

டாக்டர் ஈரப் பந்தைப் பைக்குள் போட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தார். ஒரு நிமிஷம் முன்பு காய்ந்திருந்தது அது. இப்போது விரலிடுக்கில் நீர் வழிந்தது. திருப்பினார். பச்சைப் புள்ளி. தன் பந்து அடையாளம் தெரிவதற்காக அவர் எப்போதும் பேனாவால் வைப்பது. இன்று இன்னும் பேனாவையே எடுக்கவில்லை.

சரக்... சரக்...

"பந்து அரிக்கறதுக்குப் புது ஆள் போட்டிருக்காங்களா?" என்றார் டாக்டர்.

"எங்க? அவருக்கப்புறம் ஒருத்தரும் வரமாட்டேன்னுட்டாங்களாம்."

"கோரைக்குள்ள சத்தம் கேட்குதே."

"காத்து, சம்பந்தி."

காற்றே இல்லை. ஏரி கண்ணாடி போலக் கிடந்தது. அதன்மேல் மாலைப் பனி மெல்லப் படர்ந்துவந்து கோரையின் காலடியை மறைத்தது. நுனிகள் மட்டும், யாரோ நடுவில் நடந்துபோவதுபோல, வரிசையாகச் சாய்ந்து நிமிர்ந்தன.

"சம்பந்தி, ஒரு விஷயம் சொல்லணும். போன வருஷம்..."

"ஆடிட்டுப் பேசலாமே! எல்லாரும் உங்களையே பார்த்துட்டிருக்காங்க."

பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். மறுபடி வாய் மூடிக்கொண்டது. எவ்வளவு சுலபமாக மூடிக்கொள்கிறது என்று அவருக்கே கூசியது.

மட்டையை ஓங்கினார். அடித்தார்.

வளைந்தது. வலப்பக்கம். அதே இடம்.

சரக் என்ற சத்தம் நின்றது.

"ஃபோர்!"

தன் குரல்தானா என்றிருந்தது. ஒரு வருஷமாகத் தொண்டையில் கிடந்தது, கிழித்துக்கொண்டு வந்தது. ஏரி முழுக்க எதிரொலித்தது. பக்கத்தில் சம்பந்தி சடாரென்று குனிந்தார். வராந்தாவில் மனைவி, மகள், சம்பந்தியம்மா, துண்டு கொடுக்கிறவள். எல்லாரும் தலைமேல் கை.

டொக்.

கோரை விலகியது.

இடுப்பளவு நீரில் அவர் நின்றிருந்தார். முதுகைக் காட்டியபடி. யாரோ கூப்பிட்டது இப்போதுதான் காதில் விழுந்ததுபோலத் தலையை மெல்லச் சாய்த்தார். பிறகு இரண்டு கைகளும் மேலே வந்தன. நிதானமாக. தலையை மூடிக்கொண்டன.

குனியவில்லை. திரும்பினார்.

"சம்பந்தி" என்றார் டாக்டர். "எழுந்திருங்க. நான்தான். அன்னிக்கு நான்தான் கத்தல."

சம்பந்தி எழவில்லை. வராந்தாவிலும் ஒருவரும் நிமிரவில்லை.

"கேட்குதா? எழுந்திருங்க."

குனிந்த தலைமேல் கோத்திருந்த சம்பந்தியின் விரல்களுக்கிடையே, சொட்டுச் சொட்டாக, ஏரித் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.