அது வேலைன்னு நினைச்சுக்கும்

தண்ணீர் கொடுத்த டம்ளர் கையிலேயே நசுங்கியது.

அவன் ஒன்றும் பயில்வான் இல்லை. பத்து வருஷமாக அலுவலகத்தில் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறவன். பாட்டில் மூடி இறுகிவிட்டால் மனைவியிடம் நீட்டுகிற ரகம். ஆனால் அந்த வீட்டு எவர்சில்வர் டம்ளர் அவன் விரல்களுக்குள் காகிதமாக மடங்கி, தண்ணீர் முழுக்கச் சட்டையில் கொட்டியது. "விடுங்க தம்பி, இங்க எல்லாமே அப்படித்தான்," என்றார், இரும்பு கடையும் லேத் மெஷினை அவனுக்கு விற்க இருந்தவர். வாசல் கேட்டின் தாழ்ப்பாளும் கம்பி போல மெலிந்திருந்ததை அவன் வரும்போதே பார்த்திருந்தான். அந்த வெயிலிலும் அவர் முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்து வரை சால்வை சுற்றியிருந்தார். காற்றடித்தபோது அந்தச் சட்டைக் கை கொடியில் காயும் துணி மாதிரி ஆடியது.

லேத் மட்டும் கல்லுக்குண்டாக நின்றது. மூன்று வருஷமாக வீடியோ பார்த்துத் தேற்றி வைத்த வித்தையெல்லாம் அவன் காட்டினான். இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ‘சக்’ என்ற பாகத்தைப் பிடித்து ஆட்டினான், கைச்சக்கரத்தை முன்னும் பின்னும் உருட்டினான், பெரிய மேஸ்திரி போல அடிப்பாகத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தான். முப்பது வருஷ மெஷின், எள்ளளவும் தேய்மானம் இல்லை. சந்தோஷத்தில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

"ஒண்ணே ஒண்ணு," என்றார் அவர். "வெட்டப் போறதை மட்டும் அளங்க. சும்மா கிடக்கிறதை அளக்காதீங்க."

"அளந்தா என்ன சார்?"

"அது வேலைன்னு நினைச்சுக்கும்."

தொழில்காரர்களுக்கு ஆளுக்கொரு கிறுக்கு என்று சிரித்துக்கொண்டே அவன் கை நீட்டினான். அவர் கையைச் சால்வைக்குள்ளிருந்து எடுக்கவே இல்லை.

எட்டுப் பேர் தூக்கி வந்து வீட்டின் பின்பக்கக் கொட்டகையில் இறக்கினார்கள். மனைவி ஆஸ்பத்திரியில் நைட் ஷிப்ட் நர்ஸ்; பகல்தான் அவளுக்கு ராத்திரி. "இதோட சத்தத்துல என் தூக்கம் கெட்டுதோ, உங்களையும் சேர்த்து எடைக்குப் போட்டுடுவேன்," என்று கொட்டாவி விட்டபடி உள்ளே போனாள்.

அவள் பயப்பட்டிருக்க வேண்டியதில்லை. அந்த இரும்பு மலையின் முன்னால் நின்றதும் அவனுக்குக் கை ஓடவில்லை, சுவிட்சைத் தொடவே தைரியமில்லை. கூடவே ஒரு பெட்டியில் மைக்ரோமீட்டர் வந்திருந்தது, தலைமுடியின் தடிமனைக்கூடச் சொல்கிற அளவுகோல். அளக்க என்ன பயம்? சாயங்காலமானால் அவனும் இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் வாண்டுவும் தினம் ஒன்றை அளப்பார்கள், வாண்டு சாக்பீஸால் கொட்டகைச் சுவரில் எழுதுவாள். திங்கள், கொட்டகைத் தாழ்ப்பாள். செவ்வாய், வீட்டுச் சாவி.

செவ்வாய்க் காலை மெஷினுக்குக் கீழே இருந்த தட்டில் பளபளவென்று ஒரு இரும்புச் சுருள் கிடந்தது. பழைய பிசிறு எங்கிருந்தாவது உதிர்ந்திருக்கும் என்று கூட்டித் தள்ளினான். புதன் காலை கிடந்தது மஞ்சள் சுருள், பித்தளை. கொட்டகை முழுக்கச் சூடான எண்ணெய் வாசனை. சக்கைத் தொட்டான். வெதுவெதுப்பாக இருந்தது. மெஷினுக்கு அவன் இன்னும் கரண்ட் இணைப்பே கொடுக்கவில்லை.

வியாழன் காலை அலுவலகத்துக்குக் கிளம்பிக் கதவைப் பூட்டும்போது சாவி பூட்டுக்குள்ளேயே முறிந்தது. கையில் மிஞ்சிய துண்டைப் பார்த்தான். பித்தளைச் சாவி, தகடாகியிருந்தது. கொட்டகைக்கு ஓடினான். தாழ்ப்பாளும் புதிதாகக் கடைந்தெடுத்தது போல மெலிந்து மின்னியது. சுவரில் கடைசி வரி, கோணல்மாணலாக:

புதன். என் சுண்டுவிரல்.

குனிந்து தட்டைப் பார்த்தான். சுருள் இல்லை. வெள்ளையாக, மாவு போல. ஈரமாக.

"அப்பா," வாண்டு பின்னால் நின்றாள். "இந்த விரல் மட்டும் ஜில்லுனு இருக்குப்பா."

மைக்ரோமீட்டரை எடுக்கப் போன கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். அளக்க வேண்டியிருக்கவில்லை. மற்றக் கைச் சுண்டுவிரலோடு சேர்த்து வைத்துப் பார்த்தாலே தெரிந்தது. ஐயோ, என் கண்ணே, என்று அந்த விரலை வாயருகே வைத்து ஊதினான்.

விற்றவர் முதல் மணியிலேயே போனை எடுத்தார். "யாரை அளந்தீங்க?"

"பொண்ணை... பாவி, ஏன் சொல்லல?"

"சொன்னேனே தம்பி." "கடைசியா எதை அளந்தமோ அதைத்தான் எடுக்கும். விளக்கு போடுற நேரத்துல ஆரம்பிக்கும். தினமும் அதுக்கு முன்னாடி கடைசியா உங்களை அளந்துடுங்க."

"ஒரு இரும்புத் துண்டை அளந்தா போதாதா?"

"உடம்பு ருசி கண்டுட்டா இரும்பைத் தொடாது. எடைக்கும் போட்டுப் பார்த்தேன், மறுநாள் காலைல திரும்ப இங்கயே நின்னுது. யாராவது ஆசைப்பட்டு வாங்கினாத்தான் போகும். அப்படி ஒருத்தர் கிடைக்க எனக்குப் பதினோரு வருஷம் ஆச்சு."

அன்று தன் கட்டைவிரலை அளந்தான். வலிக்கவே இல்லை. காலையில் குளிர்ந்து கிடந்தது, அவ்வளவுதான். வெள்ளி, ஆள்காட்டி விரல். சனி, மோதிர விரல். மோதிரம் கழன்று உருண்டது. சுவரில் எழுதியதை அழித்தான். மைக்ரோமீட்டரைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தான். "என்னை ஏன் விளையாட்டுக்குச் சேர்த்துக்க மாட்டேங்கிற?" என்று வாண்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். குழந்தையின் விரல் அதற்குமேல் மெலியவில்லை. அது போதும் அவனுக்கு.

ஞாயிறு. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மனைவி ஷிப்டுக்கு முந்தைய தூக்கத்தில் இருந்தாள். கொட்டகை ஜன்னலில் கடைசி வெளிச்சம் மங்கும்வரை காத்திருந்து, நடுவிரலை அளந்தான். எண்ணை வாய்விட்டுச் சொன்னான். இன்றைக்குத் தப்பித்தாயிற்று.

வீட்டுக்குள்ளிருந்து வாண்டு கத்தினாள்.

"அப்பா! நானும் அளந்துட்டேனே!"

அவன் திரும்பினான்.

"நூல் வச்சு அளந்து, ஸ்கேல்ல பார்த்தேன்! அம்மா எழுந்திரிக்கவே இல்ல! அம்மா கழுத்து, முப்பத்திரண்டு! எழுதிக்கோ!"

மைக்ரோமீட்டர். பையில். எடுத்தான். மெலிந்த விரல்களில் அது நிற்கவில்லை. விழுந்தது. இருட்டில் எங்கோ உருண்டது. மண்டியிட்டுத் தரையைத் துழாவினான். வீட்டில் வாண்டு விளக்கைப் போட்டாள்.

முதுகுக்குப் பின்னால் சக்கின் பற்கள் மெதுவாக அகன்று திறந்தன. ஒரு கழுத்தளவுக்கு. நின்றன. சுற்ற ஆரம்பித்தன.

தட்டில் முதலில் மஞ்சளாக ஒரு சுருள் விழுந்தது. அவள் கழுத்துச் சங்கிலி.

அடுத்து விழுந்தது மஞ்சளாக இல்லை.