கோடு போட்ட சக்களத்தி

"அய்யோ...! அக்கா...! மாஸ்டர்...!"

அலறல் கேட்டதும் ஊசி விரலில் ஏறியது.

தையல்காரி வலியைக் கவனிக்கவில்லை. மாலை ஷோவுக்குப் புருஷன் போட்டுக்கொள்ள வேண்டிய ஜிகினாக் கோட்டு மடியில் கிடந்தது. அதை அப்படியே தரையில் உதறிவிட்டு எழுந்தாள்.

வாசலில் துப்பாக்கிக் காவலாளி. முகமெல்லாம் வியர்வை.

"என்னய்யா? சொல்லித் தொலை!"

"புலிக்கூண்டுல... மாஸ்டர்... அசைவே இல்லக்கா!"

ஓடினாள்.

மிருகக்காட்சி பார்க் இன்னும் திறக்கவில்லை. ஈர நடைபாதை. அடுக்கி வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள். பார்ப்பவர் இல்லாத நேரத்திலும் கம்பிக்குப் பின்னால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்த கரடி...

கூண்டு.

இரண்டு கதவுகளுக்கு நடுவே இருந்த சிமெண்ட் தரையில் அவள் புருஷன், புலி மாஸ்டர், மல்லாந்து கிடந்தார். கழுத்தில் ரத்தம் உறைந்திருந்தது. உள்கதவு மேலே தூக்கி விடப்பட்டிருந்தது.

அவர் மார்பின் மேல் தலை சாய்த்துப் படுத்திருந்தாள்... மகராணி!

ஊரே டிக்கெட் வாங்கிப் பார்க்கும் பெண்புலி.

தையல்காரியின் நெஞ்சில் முதலில் வந்தது அழுகை இல்லை. அந்த உண்மையை அவள் பிற்பாடு யாரிடமும் சொல்லவில்லை. முதலில் வந்தது பொறாமை!

'செத்தும் அவ பக்கத்துலதானா...!'

எட்டு வருஷ எரிச்சல் அது. வீட்டுக்கு வந்ததும் மாஸ்டர் ஆரம்பிப்பார்.

"மகராணி இன்னிக்குச் சரியாவே சாப்பிடலை."

"நான் நேத்திலேர்ந்து சாப்பிடலை. அது தெரியுமா உங்களுக்கு?"

"ராத்திரி பூரா அவளைப் பத்திதான் நெனப்பு."

"அப்ப தலகாணியைத் தூக்கிட்டு அங்கேயே போய்ப் படுங்க! கல்யாணத்தையும் அவளையே பண்ணியிருக்கலாம். புடவைச் செலவாவது மிஞ்சியிருக்கும்!"

அதற்குப் பிறகு பாத்திரங்கள் பேசும். மகராணி பேச்சை எடுத்தால் அந்த வேளைக்குச் சாப்பாடு கிடையாது என்பது வீட்டுச் சட்டம். கூண்டுப் பக்கம் எட்டியும் பார்ப்பதில்லை என்பது அவள் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். கோட்டு தைத்துக் கொடுப்பாள். ஷோவைக் கடைசி வரிசையில் நின்று, பல்லைக் கடித்துக்கொண்டு பார்ப்பாள். அவ்வளவுதான்.

"தங்கச்சி..."

தோளுக்குப் பின்னால் குரல் கேட்டது. பார்க் முதலாளி. வெள்ளைச் சட்டை, தங்கச் சங்கிலி, கையில் கைக்குட்டை. கூண்டிலிருந்து நல்ல தூரம் தள்ளியே நின்றார்.

"பாலூட்டி வளர்த்தவனையே கொன்னுடுச்சு பாரும்மா! இதை விட்டு வைக்கலாமா? கேட் திறக்கிறதுக்குள்ள சுட்டு எரிச்சிடலாம். நீ ஒரு வார்த்தை சொல்லு."

அவள் யோசிக்கவே இல்லை.

"சுடுங்க!"

"அக்கா..." காவலாளி துப்பாக்கியைத் தூக்கத் தயங்கினான்.

"சுடுய்யா! என் தாலியை அறுத்தவளுக்கு என்ன பரிதாபம்?"

துப்பாக்கி உயர்ந்தது. மகராணி தலையைத் தூக்கிக் குழாயின் ஓட்டையைப் பார்த்தாள். நகரவில்லை. மாஸ்டரை இன்னும் கொஞ்சம் ஒட்டிப் படுத்தாள்.

விசையில் விரல்...

"நிறுத்துய்யா!"

இன்ஸ்பெக்டர்! தொப்பையும் தூக்கம் கலையாத கண்களுமாக மூச்சிரைக்க வந்தார். கூடவே மருந்துப் பெட்டியோடு ஒரு மிருக டாக்டரம்மா.

"சாட்சியைச் சுடுற ஊரை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சாட்சியா? குற்றவாளி சார் அது!" முதலாளி பதறினார்.

"அதை நான் சொல்றேன். அதுக்குத்தானே சம்பளம் வாங்குறேன்."

டாக்டரம்மா மயக்க ஊசியை ஊதுகுழலில் வைத்து ஊதினாள். மகராணி ஒருமுறை உறுமினாள். பிறகு மெல்லச் சரிந்தாள்.

மாஸ்டரை வெளியே எடுத்தார்கள்.

தையல்காரி அப்போதுதான் அழுதாள்.

*

தையல் அறை. வெட்டிய துணி, நூல்கண்டு, தரையில் இன்னும் அந்தச் சிவப்புக் கோட்டு.

இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்தினார். உள்ளே மூன்றே பேர்.

"ஏம்மா... நேத்து சாயந்திரம் புருஷன்கிட்ட என்ன சண்டை?"

"தினமும் போடுறதுதான் சார்."

"'உங்க ரெண்டு பேரையும் ஒரே குழியில போட்டு மூடுறேன்'னு கத்தினீங்களாமே. டிக்கெட் கவுண்டர் வரைக்கும் கேட்டிருக்கு."

"கோபத்துல ஆயிரம் சொல்லுவேன். கேட்டுட்டு 'சீக்கிரம் மூடு, குளிருது'ம்பார்..." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அதான் புலி அடிச்சிருச்சே சார்! என்கிட்ட என்ன கேள்வி?"

இன்ஸ்பெக்டர் டாக்டரம்மாவைப் பார்த்தார். "நீங்களே சொல்லுங்க."

"பின்மண்டையில ஒரு அடி. கழுத்துல ஆழமான கீறல்கள். பார்த்தா புலி நகம் பட்ட மாதிரிதான் இருக்கு." டாக்டரம்மா நிறுத்தினாள். "ஆனா மகராணிக்கு நகமே கிடையாது."

"என்னது...?"

"குட்டியா இருக்கும்போதே பழைய முதலாளி எடுத்துட்டார். நகத்தை மட்டும் இல்ல, விரல் நுனி எலும்போட. அப்பத்தானே ஜனங்க பக்கத்துல நிக்க வெச்சுப் போட்டோ எடுக்க முடியும்! புலி நகத்தை உள்ள இழுத்து வெச்சுக்கும். அதனால தூரத்துல பார்க்கிறவங்களுக்கு இருக்கா இல்லையான்னே தெரியாது."

தையல்காரி ஊசி குத்திய தன் விரலைப் பார்த்தாள்.

"உங்க வீட்டுக்காரர் சொல்லலையா?"

"அவ பேச்சை எடுத்தா சாப்பாடு கிடையாதுன்னு..."

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"இப்ப கேளுங்கம்மா. கொன்னவன், புலி மேல பழியைப் போட நகக்கீறல் மாதிரி கீறியிருக்கான். அப்படின்னா அதுக்கு நகம் இல்லைங்கிற விஷயம் அவனுக்குத் தெரியாது. கூண்டுப் பக்கம் வேலை செய்யற அத்தனை பேருக்கும் தெரியும். விசாரிச்சிட்டேன். இந்தப் பார்க்குலயே தெரியாத ஒரே ஆள்..."

விரல் அவளை நோக்கி நீண்டது.

"...நீங்கதான்!"

"சார்...!"

"பொறாமை, மிரட்டல், 'சுடு சுடு'ன்னு அவசரம். எல்லாம் கச்சிதமா இருக்கு. புலியைச் சுட்டு எரிச்சிருந்தா நகம் இருந்துச்சா இல்லையான்னு கேட்கக்கூட ஆள் இல்லை."

எவளைச் சுடச் சொன்னாளோ, அவளுடைய வெறும் பாதம்தான் இப்போது தன் கழுத்தை நெரிக்கிறது!

"முதலாளிதானே சார் முதல்ல சுடச் சொன்னார்!"

"மகராணிக்கு நகம் இல்லைன்னு அவருக்குத் தெரியாம இருக்குமா? வாசல்ல அவ்ளோ பெரிய போஸ்டர் பார்த்தேனே. மகராணியைக் கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கிறார், அது முன்னங்கால் அவர் தோள் மேல. அவ்ளோ நெருக்கமா பழகினவருக்குத் தெரியாதா?"

போஸ்டர்!

அவள் தினமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கடக்கும் போஸ்டர். ஆனாலும் ஒரு நாள் பார்த்திருக்கிறாள். நன்றாகவே பார்த்திருக்கிறாள். வயிறு எரிய எரியப் பார்த்திருக்கிறாள்.

"சார்! அது முதலாளி இல்ல!"

"தலை அவர் தலைதானேம்மா?"

"தலை அவரோடதுதான். உடம்பு என் புருஷனோடது. வெட்டி ஒட்டியிருக்காங்க!"

"எப்படிச் சொல்றீங்க?"

"அவ பார்வை சார்! போஸ்டர்ல கண்ணைப் பாதி மூடிக்கிட்டு, சொக்கிப்போய் ஒரு பார்வை பார்ப்பா பாருங்க... அந்தப் பார்வையைப் பார்த்துத்தான் எட்டு வருஷமா எனக்குத் தூக்கம் இல்ல. என் புருஷனைத் தவிர வேற எவனையும் அவ அப்படிப் பார்க்க மாட்டா!"

இன்ஸ்பெக்டர் மீசையைத் தடவினார்.

"புலியோட பார்வையை வெச்சு இதுவரைக்கும் யாரையும் கைது பண்ணதில்லை... பண்ணிப் பார்ப்போம்!"

*

கூண்டுக்குள் மகராணி அரை மயக்கத்தில் கிடந்தாள். டாக்டரம்மா பக்கத்தில் முட்டி போட்டிருந்தாள்.

முதலாளி வேலிக்கு வெளியிலேயே நின்றார்.

"சார், கேட் திறக்க நேரமாச்சு..."

"ஒரே ஒரு போட்டோ. கேஸ் ஃபைலுக்கு. போஸ்டர்ல நிக்கிற மாதிரியே உள்ள போய் நில்லுங்க."

"இ... இப்பவா?"

"அது பாதித் தூக்கத்துல இருக்கு. நீங்கதான் தினமும் கொஞ்சுறவராச்சே!"

இன்ஸ்பெக்டர் அவர் முழங்கையைப் பிடித்து இரண்டடி நகர்த்தினார். மகராணியின் காது லேசாக அசைந்தது.

அவ்வளவுதான்!

"விடுய்யா! விடு என்னை! அது நகத்தைப் பார்த்தியா? ஒரு இழுப்பு இழுத்தா கழுத்து போயிரும்! மாஸ்டருக்கு என்ன ஆச்சுன்னு பார்த்தீல்ல?"

முதலாளி வேலியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

தையல்காரி கூண்டுக்குள் நுழைந்தாள். எட்டு வருஷத்தில் முதல் தடவை, சக்களத்தியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கனமான அந்த முன்னங்காலைத் தூக்கினாள். விரல்களை அழுத்தினாள்.

ஒன்றும் வெளியே வரவில்லை.

விரலுக்கு விரல் மழுங்கிப்போன தழும்பு. நுனியே இல்லாத விரல்கள். ஊசி குத்திய அவளுடைய விரல் இன்னும் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. நுனியில் ஒரு குத்துக்கே இந்த வலி...

காலைத் தூக்கிக் காட்டினாள்.

"எங்க முதலாளி நகம்?"

முதலாளியின் முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்தது.

"நகம்... இல்லையா?"

"உங்ககிட்ட மட்டும் மாஸ்டர் சொல்லலை" என்றான் காவலாளி. "சொன்னா அடுத்த நாளே குழந்தைங்களை இது மேல உட்கார வெச்சுப் படம் எடுப்பீங்கன்னு பயந்தார்."

இன்ஸ்பெக்டர் கொட்டாவி விட்டார். "உங்க ஆபீஸ் பின்பக்கம் சருகு வார்ற இரும்பு முள்வாரி ஒண்ணு. சுத்தமா கழுவி, இன்னும் ஈரமா இருக்கு. முதலாளி நீங்க எப்பலேர்ந்து சருகு வார்றீங்க?"

முதலாளி திரும்பி ஓடினார்.

நாலே எட்டு! எதிரே காவலாளி. மகராணியை நோக்கி உயரத் தயங்கிய அதே துப்பாக்கி, இப்போது தயங்காமல் நின்றது.

"என் பார்க்! என் புலி!" மண்ணில் உட்கார்ந்து கத்தினார் முதலாளி. "ஆனா கைதட்டு பூரா அவனுக்கு! ஜனங்க என்னைத் தாண்டிப் போய் அவன்கிட்ட கையெழுத்து வாங்குவாங்க! அதனாலதான்யா போஸ்டர்ல என் தலையை ஒட்டினேன். இன்னிக்குக் காலையில வந்து சொல்றான், 'ஷோவை நிறுத்திட்டேன், மகராணி சரணாலயத்துக்குப் போறா'ன்னு. என்கிட்ட கேட்கலை... சொல்றான்! அடிச்சேன். கதவுக்கு நடுவுல இழுத்துப் போட்டு, வெளியிலேர்ந்தே உள்கதவைத் தூக்கி விட்டேன்..."

"அது சாப்பிட வரும்னு நெனைச்சீங்க. துக்கம் கேட்க வந்துச்சு" என்றார் இன்ஸ்பெக்டர். "ஏறுங்க ஜீப்புல."

*

தையல்காரி கூண்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். மகராணியின் முன்னங்கால் இன்னும் அவள் மடியில் இருந்தது.

மகராணி மெல்லத் தலையைத் திருப்பினாள். கண்கள் பாதி மூடி, சொக்கிப்போய், அவளைப் பார்த்தாள்.

அதே பார்வை!

"டாக்டரம்மா... இங்க பாருங்க! என்னை எதுக்கு இவ இப்படிப் பார்க்கிறா?"

"மயக்க மருந்தும்மா. இன்னும் முழுசா இறங்கலை."

"இல்ல... என் புருஷனை இப்படித்தான் பார்ப்பா. தினமும்!"

டாக்டரம்மா மருந்துப் பெட்டியை மூடினாள்.

"தினமும்தான் மருந்து குடுத்தாங்கம்மா. ஷோவுக்கு முன்னாடி, போட்டோவுக்கு முன்னாடி. மருந்து இல்லாம எந்தப் புலி அத்தனை கூட்டத்துக்கு நடுவுல நிக்கும்? உங்க வீட்டுக்காரர் கையாலதான் குடுத்தார். இனிமே என்னால முடியாதுன்னு போன வாரம் என்கிட்ட வந்து அழுதார். ராத்திரி பூரா இவ நெனப்புதான்னு சொன்னார்."

ராத்திரி பூரா அவளைப் பத்திதான் நெனப்பு... காதல் என்று நினைத்தாளே! குற்ற உணர்ச்சியா அது? சொல்ல வாயெடுத்த போதெல்லாம் சாப்பாட்டுத் தட்டைப் பிடுங்கினாளே!

"அப்போ எட்டு வருஷமா நான் பொறாமைப்பட்டது..."

"ஒரு மாத்திரையைப் பார்த்து" என்றார், முதலாளியை ஜீப்பில் ஏற்றிவிட்டு வந்திருந்த இன்ஸ்பெக்டர், குரலைத் தாழ்த்தி. "உங்க கணக்கு தப்பும்மா. விடை மட்டும் சரியா வந்திருச்சு."

*

காரியமெல்லாம் முடிந்த பிறகு சரணாலயத்து லாரி வந்தது.

மகராணியை ஏற்றினார்கள். மருந்து இல்லை, மயக்கம் இல்லை. கண்ணை முழுசாகத் திறந்து, உறுமி, கம்பியில் மோதி, லாரியையே ஆட்டினாள். டிரைவருக்கு வேர்த்தது.

கையெழுத்துப் போட வந்திருந்த இன்ஸ்பெக்டர் திரும்பினார். தையல்காரி ஒரு பெட்டியோடும், தையல் மெஷினோடும் லாரியில் ஏறிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, நீங்க எங்க கிளம்பிட்டீங்க?"

"கூடத்தான் சார். அங்க சமையலுக்கோ தையலுக்கோ ஆள் வேணுமாம். கேட்டுட்டேன்."

"சக்களத்தியோடயா? அன்னிக்குச் சுடச் சொன்னீங்களே!"

கூண்டுக்குள்ளிருந்து வந்த உறுமலில் லாரியின் கண்ணாடி அதிர்ந்தது. தையல்காரி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"எட்டு வருஷமா மயக்கத்துல கிடந்தவளோட சண்டை போட்டிருக்கேன் சார்... இப்பத்தான் முழிச்சிருக்கா. இனிமேதான் ஆட்டமே!"