தாங்கல் வெடிப்பு

முதலில் குதிகாலில்தான் வெடித்தது. மரவள்ளிக் கொல்லையில் வெறுங்காலோடு திரிகிற ராஜாங்கத்துக்குப் பித்தவெடிப்பு புதிதல்ல. ஆனால் இந்த வெடிப்பிலிருந்து சேற்று வாடை வந்தது. ஊரின் சின்ன ஏரியான தாங்கல் வற்றி, பாசி காயும்போது எழுகிற அதே வாடை.

"வேப்பெண்ண தடவினா போயிடும். இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு," என்றாள் மனைவி அம்சவள்ளி.

போகவில்லை. முழங்கால், தொடை, வயிறு என்று ஏறியது. வலியில்லை, ரத்தமில்லை. கோடையில் தாங்கல் தரை எப்படிக் கட்டம் கட்டமாகப் பிளக்குமோ, அப்படியே. தண்ணீர் குடித்தால் வெடிப்புக்குள் ஏதோ நெளிந்தது. பயந்துபோய்க் குடிப்பதைக் குறைத்தார். பிறகு நிறுத்தினார்.

உள்ளே என்னவென்று அவருக்குத் தெரியும். ஊர்த் தாங்கலில் மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும், மற்ற நாளெல்லாம் காய்ந்து கிடக்கும். சும்மா கிடக்கிற நிலம்தானே என்று பங்குனி வெயிலில் பொக்லைன் விட்டு நிரவி, தன் கொல்லையோடு சேர்த்துக்கொண்ட மகராசன் அவர். முதலில் அள்ளிய மண்ணிலேயே தவளைகள் உருண்டன. மழைக்காக மண்ணுக்குள் உறங்கியவை.

"எல்லாம் உசுரோட கெடக்குதுங்க," என்று வண்டியை நிறுத்தினார் ஓட்டுநர்.

"இருந்தா இன்னா? மேல மண்ணத் தள்ளு," என்று சிரித்தார் ராஜாங்கம்.

அந்தச் சிரிப்புக்குத்தான் இப்போது பதில் வருகிறது. நன்றாக வரட்டும்.

ஆவணியில் ஒரு பிற்பகல், கல்வராயன் மலைப்பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. ராஜாங்கம் ஜன்னல்களை அடைத்தார், கதவிடுக்கில் சாக்கைத் திணித்தார், கால்களைப் போர்வைக்குள் சுருட்டிக்கொண்டு இருட்டிப்போன அறையில் கட்டில்மேல் உட்கார்ந்தார். ஓட்டின்மேல் முதல் மழை தடதடத்ததும், அவர் வயிற்றுக்குள் ஒரு தவளை கத்தியது.

இன்னொன்று.

நிறைய.

கதவைத் தள்ளிக்கொண்டு, நனைந்த தலையோடு, செம்பும் கையுமாக வந்தாள் அம்சவள்ளி. "நாக்கு வறண்டு கெடக்குது பாருங்க. ஒரு வாய் குடிங்க."

வேண்டாமென்று தலையாட்டினார். ஆனால் தாகம். தொண்டையே பிளக்கிற தாகம். வாய் தானாகத் திறந்தது.

குடித்தார். செம்பு காலியாகும்வரை.

கத்தல் நின்றது. வெளியே மழை மட்டும்.

போர்வை அசைந்தது. மெல்ல விலகியது. குதிகால் வெடிப்பின் விளிம்பை, உள்ளிருந்து, ஈரமான நான்கு சின்ன விரல்கள் பிடித்தன.

அடுத்த வெடிப்பிலும்.

அதற்கடுத்ததிலும்.